கழற்றியது யார், மாட்டாதது யார்

கால்நடை டாக்டர் வீட்டில் ஒரே வண்டிதான். பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். திங்கள் முதல் வியாழன் வரை அது அவளுக்கு. மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் எல்லாம் தார்ச்சாலை முடிந்து அதற்கப்புறமும் நாலைந்து கிலோமீட்டர் கல்லும் குழியுமான பாதையில்தான் இருந்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வண்டி அவள் கணவனுக்கு. அவன் கணக்கு வாத்தியார். எழுபது கிலோமீட்டர் தள்ளி நகரத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் வாரக் கடைசி வகுப்பு எடுத்தான். போக வர நெடுஞ்சாலை.

ஒரு வண்டி இரண்டு விதமான சாலைக்கு ஓடுவதில்தான் வம்பு. ஜீப்பின் முன்பக்கத்தில், அடியில், இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து வளைந்த இரும்புக் கம்பி ஒன்று இருக்கும். ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஆனால் கரடுமுரடான பாதையில் அதே கம்பி எமன். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மற்ற சக்கரத்தைக் குழிக்குள் இறங்க விடாது. அந்தச் சக்கரம் அந்தரத்தில் நின்று சும்மா சுற்றும். அதனால் டாக்டர் திங்கட்கிழமை காலையில் இரண்டு பக்கமும் நட்டைக் கழற்றி, கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் புறப்படுவாள். வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி மாட்டி வைப்பாள். கால் மணி நேர வேலை. நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டது. அவன் ஆறடிக்கு மேல் உயரம். வண்டிக்கு அடியில் போனால் கால் இரண்டும் தெருவில் கிடக்கும்.

மூன்று வருஷம் இப்படித்தான் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை, எருமை ஒன்று உதைத்து அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது விரலை மடக்க முடியவில்லை. கணவன் கூடத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். மாமனார் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கை வீங்கிடுச்சு. ஸ்பானர் பிடிக்க முடியல. கம்பி மாட்டல. காலையில நீங்க மாட்டிட்டுப் போங்க" என்றாள்.

"ம்" என்றான்.

அவள் வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனான். அவருக்கு நகரத்தில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு வளைவில் எதிரே வந்த லாரி கோட்டைத் தாண்டி வந்தது. இவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். ஜீப் ஒரு பக்கமாகக் கவிழ்கிற மாதிரி சாய்ந்து, சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் மோதி நின்றது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. பெரியவரின் தலை கதவுச் சட்டத்தில் இடித்து ஆறு தையல்.

ஆஸ்பத்திரி நடைவழியில் மாமியார் மகனைக் கேட்டாள். "நேத்து வரைக்கும் நல்லா ஓடின வண்டி எப்படிடா சாயும்?"

"கம்பியக் கழட்டியிருக்கும்மா."

"யாரு?"

"அவதான்."

அப்போதுதான் கையில் கட்டுடன் டாக்டர் உள்ளே வந்தாள். அவளுடைய நாத்தனாரும் அங்கே இருந்தாள். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் நேத்தே சொன்னேனே, மாட்டலன்னு" என்றாள் கணவனிடம்.

"எப்போ சொன்ன?"

"சாயங்காலம். வந்தவுடனே."

"மாத்திரை போட்டுட்டுப் படுத்தவ, சொன்ன மாதிரி நெனச்சிட்டிருப்ப. எங்கிட்ட நீ ஒண்ணும் சொல்லல" என்றான். குரலை உயர்த்தவில்லை. பரிவாகக்கூட இருந்தது. அந்தப் பரிவுதான் அவளைக் குழப்பிவிட்டது. சொன்னோமா, சொல்ல வேண்டும் என்று நினைத்தோமா? மணிக்கட்டு வலி ஞாபகம் இருந்தது. மாத்திரையின் கசப்பு ஞாபகம் இருந்தது. 'ம்' என்றானா?

"ஆடு மாட்டுக்குக் காட்டுற அக்கறையில கால்வாசி வீட்டு மனுஷங்க மேல காட்டக் கூடாதா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

டாக்டர் உள்ளே போய் மாமனாரின் கட்டில் பக்கத்தில் நின்றாள். "என்னாலதான் மாமா. மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் அவளை ஒரு தரம் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "பரவால்லம்மா" என்றார். அவர் முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அதிகம் பேசாத மனிதர்.

வண்டி பத்து நாள் நெட்டையின் பட்டறையில் கிடந்தது. அந்தப் பத்து நாளும் டாக்டர் இரவல் ஸ்கூட்டரில் தார்ச்சாலை முடியும் வரை போய், அங்கிருந்து மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டில் யாரும் அவளிடம் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. சோறு போடும்போதுகூட மாமியார் தட்டைப் பார்த்துப் பேசினாள். டாக்டர்தான் வலியப் போய்க் கணவனிடம் ஓர் ஏற்பாடு சொன்னாள். இனிமேல் வீட்டில் கம்பியைக் கழற்ற மாட்டாள். தார்ச்சாலை முடியும் இடத்தில் கழற்றி, திரும்பி வரும்போது அதே இடத்தில் மாட்டிவிடுவாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மண்ணில் படுத்து எழுந்தாலும் பரவாயில்லை.

"சரி" என்றான் அவன்.

வண்டி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அஞ்சு மாட்டம்மா ஃபோன் செய்தாள். ஐந்து பசு வைத்துத் தனியாகப் பிழைக்கும் பெண்பிள்ளை. அந்தப் பக்கத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் சொல்வார்கள்.

"கெடேரி டாக்டரம்மா. தலைச்சன் ஈத்து. விடியக் காலம் நாலு மணியிலேர்ந்து முக்குது. வாலு மட்டும் தெரியுது, காலக் காணோம்."

கன்று பின்புறமாக வருகிறது, கால்கள் உள்ளே மடங்கியிருக்கின்றன. கையை விட்டுக் கன்றைப் பின்னால் தள்ளி, கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி இழுக்க வேண்டும். சீக்கிரம் போனால் இரண்டும் பிழைக்கும். "கட்டாம விடுங்க, நடக்கட்டும். யாரும் இழுக்காதீங்க. முக்கால் மணியில வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தார்ச்சாலை முடிந்ததும் நிறுத்தி, ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். நட்டு அசையவில்லை. முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினாள். மணிக்கட்டில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலித்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் புதிதாக, பளபளவென்று, ஒரு வெல்டிங் பொட்டு. அந்தப் பக்கம் ஊர்ந்து போய்ப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று.

கொஞ்ச நேரம் அப்படியே மண்ணில் மல்லாந்து கிடந்தாள். பிறகு எழுந்து, கம்பியோடேயே வண்டியை ஓட்டினாள். வேறு வழி இல்லை. ஓடையைத் தாண்டிவிட்டாள். அதற்கப்புறம் மேட்டில் பாதை குறுக்கே அரித்துப் போன இடத்தில், இடது முன் சக்கரம் பாறைமேல் ஏறியதும் வலது சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. பின்னால் ஒரு சக்கரம் மண்ணைத் தோண்டியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கல் போட்டுப் பார்த்தாள், கட்டை வைத்துப் பார்த்தாள். அரை மணி நேரம் அதில் போனது. கடைசியில் பையையும் மருந்து பாட்டில்களையும் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் மேடேறி நடந்தாள். பாதி தூரம் ஓடினாள்.

போய்ச் சேர்ந்தபோது மணி எட்டேகால். கையை உள்ளே விட்டதுமே தெரிந்துவிட்டது. கன்றிடம் அசைவில்லை. ஒரு மணி நேரம் போராடி வெளியே எடுத்தாள். பெண் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தாய் பிழைத்தது, ஆனால் எழுந்து நிற்கவில்லை. அத்தனை நேரம் இடுப்பெலும்பில் அழுந்தி நரம்பு மரத்துப் போயிருந்தது.

அஞ்சு மாட்டம்மா கன்றைச் சாக்கால் மூடினாள். "முக்கால் மணின்னு சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டிராக்டர் வைத்து ஜீப்பை இழுத்து, டாக்டர் நேரே பட்டறைக்குப் போனாள். நெட்டை டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நட்டுல வெல்டிங் வச்சது யாரு?"

"நான்தான் டாக்டரம்மா" என்றான் அவன், டம்ளரைக் கீழே வைக்காமல். "சார் சொன்னாரு. இனிமே கழட்ட முடியாதபடி பொட்டு வச்சிடுன்னாரு. உங்களுக்கும் தெரியும்னாரே?"

"வண்டி யார் பேருல இருக்கு?"

நெட்டை டம்ளரை வைத்தான்.

"மூணு வருஷமா உங்கிட்ட வண்டி கொண்டாறது யாரு? அதுக்கு அடியில படுத்து எந்திரிக்கிறது யாரு? ஒரு ஃபோன் போட்டு என்னைக் கேட்கணும்னு தோணல?"

"புருஷன் பொஞ்சாதி விஷயம்..."

"நட்டு போல்ட்டு விஷயம். ஒரு கன்னுக்குட்டி செத்துப் போச்சு. கிரைண்டர எடு."

அவன் தானே அறுத்துத் தருவதாகச் சொன்னான். அவள் கேட்கவில்லை. "பொறி பறக்கும், கண்ணாடியாவது போட்டுக்கங்க" என்று கண்ணாடியை மட்டும் கொடுத்தான். அவள் வண்டிக்கு அடியில் படுத்து இரண்டு பக்கமும் அறுத்தாள். நட்டு மட்டும் இல்லை, கம்பியைச் சக்கரத்து அச்சோடு இணைக்கும் தண்டும் சேர்ந்து போனது. மேலே சட்டத்தில் பிடித்திருந்த கவ்விகளையும் கழற்றி, முழுக் கம்பியையும் பிடுங்கி வண்டியின் பின்னால் போட்டாள். அவள் புறப்படும் வரை நெட்டை சுவரோடு சுவராக நின்றான்.

கணவன் அதே மேசையில் அதே மாதிரி விடைத்தாள்களோடு இருந்தான். டாக்டர் கம்பியை இரண்டு கையாலும் தூக்கி வந்து விடைத்தாள் அடுக்கின் மேல் போட்டாள். கிரீஸும் சேறும் தாள்களில் தெறித்தன.

"என்ன பண்ற நீ?" என்று எழுந்தான்.

"கழட்ட முடியாதுன்னு நெனச்சீங்களே, கழட்டிட்டேன்."

சமையலறையிலிருந்து மாமியார் வந்தாள். "வீட்டுக்குள்ள இரும்பக் கொண்டாந்து போடுறியே, இது என்ன பட்டறையா?"

"அத்தை, உங்க பிள்ளை எங்கிட்ட சரின்னு சொல்லிட்டு, பின்னாடி போய் நட்டுக்கு வெல்டிங் வச்சிருக்காரு. நடுப்பாதையில மாட்டிக்கிட்டு நின்னேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள கன்னு வயித்துலயே செத்துடுச்சு."

"அப்பா தலையில ஆறு தையல்" என்றான் அவன். "ஒரு கன்னுக்குட்டி பெருசா, எங்கப்பா பெருசா? உன் மறதிக்கு நான் வேற என்ன செய்யறது? உன்னை நம்பி இனிமே யாரையும் வண்டியில ஏத்த முடியுமா?"

அந்த ஒரு வார்த்தையால் பத்து நாளாக அவள் வாய் அடைத்துக் கிடந்தது. மறதி. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ சொன்னாடா" என்றார் மாமனார்.

சாய்வு நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலைக்கட்டு இன்னும் இருந்தது. "கை வீங்கியிருக்கு, கம்பி மாட்டல, நீங்க மாட்டிட்டுப் போங்கன்னு சொன்னா. நீ ம்னு சொன்ன. நான் இங்கதான் உக்காந்திருந்தேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே கூடத்தில், நாலடி தூரத்தில் எதிரெதிரே நின்றன.

டாக்டர் முதலில் கணவனைப் பார்க்கவில்லை. மாமனாரைத்தான் பார்த்தாள். "உங்க கட்டில் பக்கத்துல நின்னு மன்னிப்புக் கேட்டேனே மாமா. அப்போ தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"பரவால்லன்னு சொன்னீங்களே."

"பெத்த பிள்ளை. எல்லாரும் இருந்தாங்க. அவன் முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடுமேன்னு..." அவர் கை நாற்காலியின் கையைத் தடவியது. "அடிபட்டது என் தலை. நான் பொறுத்துக்கிட்டா முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

"உங்க தலையில பட்ட அடிக்கு நீங்க பொறுத்துக்கலாம். என் தலையில வச்ச பழிக்கு நீங்க எப்படிப் பொறுத்துக்க முடியும்? வாழ்நாள் பூரா ஊரான் வீட்டுப் பிழையெல்லாம் திருத்தினீங்க. இது ஒண்ணு மட்டும் உங்க கண்ணுல படலயா?"

பெரியவர் தலை குனிந்தார். மாமியார் மகனைப் பார்த்தாள். "டேய், நிஜமா?"

"அப்போ எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றான்.

"எப்போ ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டாள் டாக்டர்.

அவன் கம்பிக்கு அடியில் கிடந்த ஒரு தாளை உருவினான்.

"எப்போ?"

"வண்டி சாயும்போதே வந்துடுச்சு" என்றான். பிறகு அவசரமாக, "ஆனா ஆஸ்பத்திரியில நான் பொய் சொல்லல. யாரு கழட்டினதுன்னு அம்மா கேட்டாங்க. நீதான்னு சொன்னேன். கழட்டினது நீதானே?"

"கழட்டினது நான்தான். மாட்டாதது யாரு?"

அவள் விடவில்லை. "மாத்திரை மயக்கம்னு சொன்னீங்க. நானே என்னைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? பத்து நாளா ஒவ்வொரு ஊசி போடும்போதும், இந்த மருந்துதானா, அளவு சரியான்னு மூணு தடவை பார்க்குறேன். எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்தேன். அதையும் பார்த்துக்கிட்டே சும்மா இருந்தீங்க. போதாததுக்கு நட்டுக்கு வெல்டிங் வேற. மறதிக்காரி கழட்டிடக் கூடாதுன்னு."

ஃபோனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "உங்க தங்கச்சிக்குப் போடுங்க. இப்பவே."

"நாளைக்குப் பேசறேன்."

"போடுடா" என்றாள் மாமியார். மருமகள் பக்கமாக அவள் பேசியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. அதற்காக டாக்டர் அவளை நன்றியோடு பார்க்கவும் இல்லை. அவன் ஃபோன் போட்டான். நின்றுகொண்டே, சேறு தெறித்த விடைத்தாள்களைப் பார்த்தபடி, தங்கையிடம் நடந்ததைச் சொன்னான். நடுவில் இரண்டு தடவை வார்த்தையை மென்றான். இரண்டு தடவையும் டாக்டர், "தெளிவாச் சொல்லுங்க" என்றாள்.

பேசி முடித்து, "இப்ப திருப்தியா?" என்று கேட்டான்.

"இல்ல. நாளைக்குக் காலையில எங்கூட வரீங்க. மாடு எந்திரிக்கல. தூக்கி நிறுத்த ஆள் வேணும். அந்தம்மாகிட்டயும் நீங்களே சொல்லணும்."

"ஊர்ல இருக்கவங்ககிட்டயெல்லாம் நான் போய்ச் சொல்லிக்கிட்டிருக்கணுமா?"

"கன்னு செத்தது அந்த வீட்டுலதான்."

செவ்வாய்க்கிழமை காலை அவன் வந்தான். அம்மா அனுப்பினாளா, தானே கிளம்பினானா என்று டாக்டர் கேட்கவில்லை. கம்பி இல்லாத வண்டி. தார்ச்சாலை முழுக்க முப்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். அந்த மேட்டில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏற, மற்றது குழிக்குள் முழுசாக இறங்கி மண்ணைக் கவ்வியது. வண்டி நிதானமாக ஏறித் தாண்டியது. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் அவன் அந்தப் பாதைக்கு வந்ததே இல்லை.

மாடு வைக்கோல்மேல் படுத்திருந்தது. அஞ்சு மாட்டம்மா ராத்திரி முழுக்க அதைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்திருந்தாள், கண்கள் சிவந்திருந்தன. டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசி ஏற்றும்போது, அவன் வந்து அந்தப் பெண் முன்னால் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை.

"நேத்து இவங்க தாமதமா வந்ததுக்குக் காரணம் நான்தான்" என்றான். "வண்டியில ஒரு வேலை பண்ணி வச்சிருந்தேன். இவங்களுக்குத் தெரியாம."

"எதுக்கு?"

"வீட்டுல ஒரு சண்டை."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க வீட்டுச் சண்டைக்கு என் வீட்டுக் கன்னு ஏன் சாகணும்?" என்றாள். கத்தவில்லை. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் டாக்டரம்மா. வண்டி பத்து நாள் பட்டறையில கெடந்து வந்திருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருக்கலாம். நான் கறக்குறதுக்கு முன்னாடி தினம் மடியப் பார்க்கலயா?"

டாக்டருக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. நிஜமும் அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் இதுவும் நிஜம்தான். "பார்த்திருக்கணும்" என்றாள்.

"சரி. கயித்தப் பிடிங்க" என்றாள் அஞ்சு மாட்டம்மா, அவனிடம்.

பட்டைக் கயிற்றை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, பக்கத்துத் தோட்டத்து ஆள் இரண்டு பேருடன் சேர்ந்து தூக்கினார்கள். மாடு முன்கால்களை ஊன்றியது. பின்கால்கள் துணி மாதிரி மடிந்தன. மூன்று தடவை முயன்றார்கள். அன்று நிற்கவில்லை. புதன்கிழமையும் நிற்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் தானாகவே எழுந்து, தள்ளாடி நின்று, தொட்டித் தண்ணீரைக் குடித்தது. அஞ்சு மாட்டம்மா ஃபோன் செய்து விஷயத்தை மட்டும் சொன்னாள். அடுத்த ஈத்துக்கு வேறு டாக்டரைத்தான் கூப்பிடுவேன் என்றும் சொன்னாள். "கோவம் இல்ல. பயம்" என்றாள்.

அந்த வாரமே டாக்டர் நெட்டையிடம் புதுத் தண்டுகள் வரவழைத்தாள். நட்டுக்குப் பதில் கொக்கி முள் போட்டவை. கையாலேயே இழுத்துக் கழற்றலாம், இரண்டு நிமிஷத்தில் மாட்டலாம். பழைய கம்பியை மறுபடி பொருத்தினாள். மாட்டிய பிறகு வண்டிச் சாவியைத் தன் மருந்துப் பையிலேயே வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கணவன் சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எப்படிப் போறது?"

"ஆறே காலுக்கு பஸ் இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல" என்றாள். "எனக்கு இன்னும் ஆறல."

அவன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். நாற்காலியிலிருந்து மாமனார், "நானும் கண் டாக்டரப் பார்க்கப் போகணுமேம்மா" என்று மெல்லச் சொன்னார். டாக்டர் அவருக்குச் சாயங்காலம் திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தையும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.